துளை மூடி வந்த டிரம்கள்

நகரத்தின் பழைய பொது மருத்துவமனையை மூடிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. நோயாளிகளைப் புறநகரில் கட்டிய புதிய கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய கட்டடத்தில் இப்போது மூன்று அரசு அலுவலகங்கள் இயங்குகின்றன. பிரசவ வார்டில் பத்திரம் பதிகிறார்கள். பிணவறையில் கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நுழைவாயிலில் ஆள் உயரத்துக்கு ஒரு கல்வெட்டு நிற்கிறது. அடிக்கல் நாட்டியவர், மகப்பேறுப் பிரிவைத் திறந்தவர், எக்ஸ்ரே அறையைத் திறந்தவர், அதே எக்ஸ்ரே அறையைப் பழுதுபார்த்து மறுபடி திறந்தவர் என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ரிப்பன் வெட்டிய கை ஒன்றையும் விடவில்லை. வெட்டிவிட்டு அவர்கள் போன பிறகு அந்த அறைகளில் உழைத்த கைகளில் ஒன்றுகூட அதில் இல்லை.

அந்தக் கைகளில் ஒரு ஜோடிக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிவரியாகச் சூட்டுத் தழும்புகள் இருந்தன. இரும்புக் கதவைத் திறந்து மூடியதில் வந்த தழும்புகள். அந்தக் கைகளுக்கு உரியவரை ஆஸ்பத்திரியே ‘டிரம் அக்கா’ என்று கூப்பிட்டது. சம்பளப் பட்டியலில் அவர் ‘கருவி அவிப்பு உதவியாளர், இரண்டாம் நிலை’. முதல் நிலை என்று யாரும் அங்கே இருந்ததில்லை.

இருபது வயதில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்தார். அப்பா அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்கியவர். முப்பது வருடம் ஓயாமல் பயணம் செய்தும் எந்த ஊருக்கும் போய்ச் சேராதவன் என்று தன்னைப் பற்றியே சொல்லிச் சிரிப்பார். மகள் துடைப்பத்தோடு அறுவை அரங்கின் பின்னால் உள்ள அறைக்குள் நுழைந்த முதல் நாள், அங்கே படுத்துக் கிடந்த பெரிய இரும்பு உருளையைப் பார்த்தார். அதற்குள் துணியும் பஞ்சும் வைத்து, கதவைத் திருகி மூடி, ஆவியைச் செலுத்தி அரைமணி நேரம் அவிக்கிறார்கள். அன்று வால்வைச் சரிபார்க்க வந்திருந்த பாய்லர் மெக்கானிக்கிடம் கேட்டார்.

“முள் கீழே இறங்கின பிறகுதான் கதவைத் திறக்கணுமா? ஏன்?”

“இறங்காம திறந்தா நீ மேலே போயிடுவே.”

“எவ்வளவு மேலே?”

“திரும்பி வராத அளவுக்கு.”

அடுத்த வாரம் வேறு ஒரு கேள்வியோடு நின்றார். அதற்கடுத்த வாரம் இரண்டு கேள்விகள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மெக்கானிக், இந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டால் வீட்டில் உட்கார்ந்தாவது பதில் சொல்லலாம் என்று முடிவுசெய்தாராம். கல்யாணம் நடந்தது. கேள்விகள் குறையவில்லை. இரண்டே வருடத்தில் அந்த உருளையின் குணம் மெக்கானிக்கைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. அந்த வேலையில் இருந்தவர் ஓய்வுபெற்றபோது, வேறு யாரும் அந்தச் சூட்டில் நிற்க முன்வராததால், வேலை அவருக்கு வந்தது.

அவருடைய வேலையில் மையமான பொருள் டிரம். அகலமான எஃகு டப்பா. ஆபரேஷனுக்கு வேண்டிய பஞ்சு, காஸ் என்கிற வலைத்துணி, கவுன் எல்லாவற்றையும் நர்சுகள் மடித்து அதில் அடுக்கி அனுப்புவார்கள். டப்பாவின் பக்கச் சுவரில் வரிசையாகத் துளைகள் இருக்கும். துளைகளின் மேல் ஒரு தகட்டுப் பட்டை ஓடும். பட்டையை ஒரு பக்கம் தள்ளினால் துளைகள் திறக்கும், மறுபக்கம் தள்ளினால் மூடும். உருளைக்குள் போகும்போது துளைகள் திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் ஆவி உள்ளே புகும். வெளியே எடுத்ததும் பட்டையைத் தள்ளி மூட வேண்டும், அப்போதுதான் வெளிக்காற்று உள்ளே போகாது. போகும்போது திறப்பு, வரும்போது மூடல். வேலை அவ்வளவுதான். அதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

டிரம் அக்கா யாரையும் நம்பிவிடுகிற ஆள் இல்லை. இயந்திரத்தையும் நம்ப மாட்டார். முள் சரியான இடத்தில் நின்றாலும், டிரம்முக்கு நடுவில் இருக்கும் துணிவரைக்கும் சூடு போனதா என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியால் மூன்று மாதம் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் கணவர்தான் வழி சொன்னார். கந்தகம் கொதிநீர்ச் சூட்டில் உருகாது, அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறினால்தான் உருகும். ஊசி மருந்து தீர்ந்த சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் சிட்டிகை கந்தகப் பொடியைப் போட்டு, வாயை நெருப்பில் உருக்கி அடைத்துக் கொடுத்தார். திங்கள்கிழமைதோறும் ஒரு டிரம்மின் நடு மடிப்பில் டிரம் அக்கா ஒரு குப்பியை வைப்பார். பொடி உருகிக் கட்டியாகியிருந்தால் சூடு போயிருக்கிறது. பொடி பொடியாகவே இருந்தால் மறுபடி அவிக்க வேண்டும்.

“என்னக்கா, டிரம்முக்கு மந்திரிச்சுத் தாயத்துக் கட்றியா?” என்று வார்டு பாய்கள் கிண்டல் செய்வார்கள்.

“தாயத்து பொய் சொல்லும்டா. இது சொல்லாது.”

இப்படிப் பதினான்கு வருடம் போயிற்று. பதினைந்தாம் வருடம் அலுவலகத்தில் ஒரு சந்தேகம் முளைத்தது. பஞ்சு அதிகம் செலவாகிறதாம். பெரிய டாக்டர் என்று எல்லோரும் அழைத்த கண்காணிப்பாளர், ஸ்டோர் கீப்பரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். ஸ்டோர் கீப்பருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘பூட்டு’. குடிதண்ணீர் டம்ளருக்கும் சங்கிலி போட்டவர். மூட்டை வந்து இறங்கும் இடத்திலிருந்து நோயாளியின் புண்வரைக்கும் பஞ்சு எத்தனையோ கைகளைத் தாண்டிப் போகிறது. ஆனால் திருடன் என்றதும் பூட்டுக்கு நினைவுக்கு வந்த கைகள், படிக்காத, குறைந்த சம்பளம் வாங்குகிற கைகள்தாம். அந்த விஷயத்தில் உலகம் முழுக்க எல்லாப் பூட்டுகளும் ஒரே சாவியில் திறக்கும்.

உத்தரவு வந்தது. இனி டிரம்களை ஸ்டோரில் பூட்டு முன்னிலையில் அடுக்க வேண்டும். மூடியையும் பட்டையையும் கம்பியால் பிணைத்து, மின் மீட்டருக்குப் போடுவதுபோல ஈய முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். முத்திரையை அறுவை அரங்கில் மட்டும்தான் உடைக்கலாம். இடையில் யார் உடைத்தாலும் திருட்டாகக் கருதப்படும்.

பட்டையை மூடிய நிலையில்தான் முத்திரை குத்த முடியும். துளை திறந்திருந்தால் விரலை விட்டுப் பஞ்சை உருவிவிடுவார்களே!

முத்திரை போட்ட முதல் டிரம்மைத் தூக்கிக்கொண்டு டிரம் அக்கா நேராக ஸ்டோருக்குப் போனார்.

“சார், துளை மூடியிருக்கு. ஆவி எப்படி உள்ளே போகும்?”

“அதெல்லாம் போகும். உள்ளே வேகுதா இல்லையான்னு நீ எட்டிப் பார்த்தியா?”

“மூடியிருக்கிறதாலதான் எட்டிப் பார்க்க முடியலை.”

“வாய் நீளுது உனக்கு. பெரிய டாக்டர் படிச்ச படிப்பு என்ன, நீ படிச்ச படிப்பு என்ன?”

“படிச்சவர் கையெழுத்துப் போட்டா ஆவி வழி மாறிப் போயிடுமா சார்?”

பூட்டு கதவைச் சாத்திக்கொண்டார். டிரம் அக்கா அரங்கின் தலைமை நர்சிடம் போனார். அந்த அம்மாவுக்கும் விஷயம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அவர் தற்காலிக நியமனம். “எழுத்துல வந்திருக்குக்கா. நான் என்ன பண்ணட்டும்?” என்று சொல்லிவிட்டுக் கையுறைகளை எண்ணத் தொடங்கினார். டாக்டர்களுக்கோ டிரம் திறந்த பிறகுதான் கண்ணில் படும். அது எப்படி வந்தது என்று அவர்கள் பார்த்ததே இல்லை.

டிரம் அக்கா தன் அறைக்குத் திரும்பினார். கணவரின் கட்டிங் பிளேயரால் முத்திரைக் கம்பியை வெட்டினார். பட்டையைத் திறந்தார். அவித்தார். மூடினார். மறைத்துச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வெட்டிய கம்பிகளையும் ஈயத் துண்டுகளையும் ஒரு டப்பாவில் சேர்த்து, வாரக் கடைசியில் ஸ்டோரில் கொண்டுபோய் ஒப்படைத்தார். ஒன்றும் குறையவில்லை என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். திருடன் தடயத்தைத் தட்டில் வைத்துக் கொடுப்பானா என்று யோசிக்கிற அளவுக்குப் பூட்டுக்குப் பொறுமை இல்லை.

பெரிய டாக்டரின் அறையில் விசாரணை ஏழு நிமிடம் நடந்தது.

“முத்திரையை உடைச்சியா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு.”

“உடைச்சேன். எதுக்குன்னா...”

“போதும்.”

ஒரே வார்த்தை கேட்டவர்கள் அந்த ஒரே வார்த்தையை எடுத்துக்கொண்டார்கள். பஞ்சு திருட முயன்றதாகக் குற்றச்சாட்டு எழுதப்பட்டது. தற்காலிகப் பணிநீக்கம். வளாகத்துக்குள் வரக் கூடாது. அவர் இடத்தில் நிறுத்தப்பட்டவர் நல்ல மனிதர். சொன்னதைச் சொன்னபடி செய்பவர். முத்திரையைத் தொடவே இல்லை.

வீட்டில் முடங்கிக் கிடந்த டிரம் அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் செய்தி தினமும் வந்துகொண்டிருந்தது. கொண்டுவந்தவர் பிரசவ வார்டு ஆயா. அவருக்குப் பெயர் ‘ரேடியோ’. எந்தக் கட்டிலில் யார், எந்த ஊர், மாமியார் எப்படி, கணவன் எத்தனை முறை எட்டிப் பார்த்தான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வழக்கமாக வாசலில் கால் வைக்கும்போதே ஒலிபரப்பைத் தொடங்கிவிடுவார். மூன்றாவது வாரம் ஒருநாள் வந்து பேசாமல் உட்கார்ந்தார்.

“என்னடி, மின்சாரம் இல்லையா?” என்றார் மெக்கானிக்.

“அண்ணே, சும்மா இருங்க.” டிரம் அக்காவைப் பார்த்தார். “ஆபரேஷன் பண்ணிப் பிரசவமானதுல ஆறு பேருக்குக் காய்ச்சல்க்கா. தையல் போட்ட இடத்துல சீழ். நேத்து நாலாம் நம்பர் கட்டில் போயிடுச்சு. இன்னைக்கு ஒன்பதாம் நம்பர்.”

“குழந்தைங்க?”

“குழந்தைங்க நல்லாத்தான் இருக்கு. பால் கேட்டு அழுதுங்க.”

டிரம் அக்கா எழுந்து புடவையை உதறிக் கட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாயிலில் காவலாளி தடுத்துவிட்டார். உத்தரவாம். மறுநாள் போனார், அதற்கு மறுநாளும் போனார். பெரிய டாக்டருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினார். கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு அட்டை வந்தது, பதில் வரவில்லை. இதற்குள் மூன்றாவதாக இன்னொரு பெண் இறந்தாள். வார்டில் உறவினர்கள் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார்கள். உடம்பு பலவீனம், ரத்தம் குறைவு, விதித்தது அவ்வளவுதான் என்று அவரவர்க்கு ஏற்ற சமாதானத்தை ஆஸ்பத்திரி வழங்கியது. தலையெழுத்து என்ற சொல்லைப்போல அலுவலகங்களுக்கு உதவிய சொல் வேறு இல்லை. கோப்பில் எழுத விரும்பாததை எல்லாம் செத்தவர் தலையில் எழுதிவிடலாம்.

அடுத்த திங்கட்கிழமை காலை டிரம் அக்கா வேறு வழியில் உள்ளே போனார். ஊழியருக்குத்தானே தடை? புறநோயாளிகள் வரிசையில் நின்று சீட்டு வாங்கினார். பெண்கள் பிரிவின் பெஞ்சில் இரண்டரை மணிநேரம் உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும் அறுவை மருத்துவரான டாக்டரம்மாவின் எதிரில் போய் நின்றார்.

சீட்டைப் பார்த்தபடியே டாக்டரம்மா கேட்டார். “உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. டிரம்முக்குத்தான்.”

டாக்டரம்மா நிமிர்ந்தார். “நீங்க பஞ்சு கேஸ்ல...”

“ஆமாம்மா, அந்தத் திருடிதான். ரெண்டு நிமிஷம் பேசிட்டுப் போயிடறேன். அதுக்கப்புறம் காவலாளியைக் கூப்பிடுங்க.”

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பேசி முடித்தபோது டாக்டரம்மாவின் பேனா மேசையில் உருண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

“எனக்கு நிரூபணம் வேணும்” என்றார்.

“அதுதான் கொண்டுவந்திருக்கேன்.” இடுப்பிலிருந்த சுருக்குப் பையிலிருந்து நான்கு கந்தகக் குப்பிகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அன்று பிற்பகல் அறுவை அரங்கின் பின்னறையில் இரண்டு டிரம்களை ஒரே மாதிரி அடுக்கினார்கள். நடுமடிப்பில் இரண்டிரண்டு குப்பிகள். ஒரு டிரம்மில் துளைகள் திறந்திருந்தன. மற்றதில் மூடி, கம்பி கட்டி, ஈயம் குத்தியிருந்தது. உருளைக்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கதவைத் திருகினார்கள். முள் ஏறியது. அரைமணி நேரம் அந்த அறையில் இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆவி சீறும் ஓசை மட்டும் கேட்டது. முள் இறங்கியதும் டிரம் அக்கா பழக்கப்பட்ட கையால் கதவைத் திறந்தார்.

துளை திறந்திருந்த டிரம்மின் குப்பிகளில் கந்தகம் உருகி அடியில் மஞ்சள் மணியாக உறைந்திருந்தது. முத்திரை போட்ட டிரம்மை டாக்டரம்மா தானே வெட்டித் திறந்தார். மடிப்புகளைப் பிரித்து, குப்பிகளை எடுத்து, வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். பொடி உள்ளே சரசரவென்று ஓடியது.

டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “இந்தத் துணியால உள்ளே ஒத்தி எடுத்துட்டுத்தான் நான் தைச்சேன்” என்றார். குப்பியைக் கீழே வைத்துவிட்டு, “என் கையால” என்றார்.

“உங்களுக்குத் தெரியாதும்மா.”

“தெரிஞ்சுக்கலை. ரெண்டும் ஒண்ணு இல்ல.”

அன்றைய ஆபரேஷன்கள் நிறுத்தப்பட்டன. மறுநாள் இரண்டு வரிச் சுற்றறிக்கை வந்தது: நிர்வாக வசதியை முன்னிட்டு, முத்திரைகள் இனி அவித்து முடித்த பின் இடப்படும். நிர்வாக வசதி! அதற்கு இரண்டு நாள் கழித்து, ஏற்கெனவே காய்ச்சலில் கிடந்த பதினேழாம் நம்பர் கட்டில் பெண் இறந்தாள். அவள்தான் நான்காவது.

அதற்குப் பிறகு காய்ச்சல் வரவில்லை. டிரம் அக்காவை வேலையில் மீண்டும் சேர்த்தார்கள். முத்திரை உடைத்த குற்றத்துக்குக் கண்டிப்பு மட்டும் அவருடைய பணிப் பதிவேட்டில் நின்றது. பஞ்சு எங்கே போனது என்று பிறகு யாரும் கேட்கவில்லை. டாக்டரம்மா நான்கு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தார். அந்த அறிக்கை மேலே போனது, டாக்டரம்மா வேறு ஊருக்குப் போனார். விசாரணைக் குழு, நோயாளிகளின் பலவீனமான உடல்நிலையே மரணத்துக்குக் காரணம் என்று முடித்தது.

ஊர் மாறிப் போகும் அன்று டாக்டரம்மா பின்னறைக்கு வந்தார். டிரம் அக்கா கேட்டார். “அந்த நாலு வீட்டுக்கும் யாரும்மா சொல்றது?”

“அது ஆபீஸ் சொல்லணும்.”

“ஆபீஸ் சொல்லாது.”

“சொல்லாது” என்று டாக்டரம்மா ஒப்புக்கொண்டார்.

சொன்னால் வேலை போய்விடும் என்பது டிரம் அக்காவுக்குத் தெரியும். பணி இரகசியம் என்று ஒரு விதி இருந்தது. நோயாளியின் இரகசியத்தைக் காக்க எழுதிய விதி. அதிகாரியின் இரகசியத்தைக் காக்கவே அது அதிகம் பயன்பட்டது. வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னார்.

“போகாதேன்னா கேப்பியா?” என்றார் மெக்கானிக்.

“கேக்க மாட்டேன்.”

“அப்ப செருப்புக்குப் புது வார் போட்டுட்டுப் போ. தூரம் ஜாஸ்தி.”

விலாசங்களை ரேடியோ கொடுத்தார். வார விடுமுறை நாட்களில் ஒவ்வொரு வீடாகப் போனார். முதல் வீட்டில், இறந்த பெண்ணின் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து போட்டார். இவ்வளவு நேரம் நிற்கவைத்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. இரண்டாவது வீட்டில் இறந்தவளின் கணவனுடைய புது மனைவி கதவுக்கு வெளியே வந்து, இனி வராதீர்கள் என்று தாழ்ந்த குரலில் கெஞ்சினாள். மூன்றாவது வீட்டில் பெற்ற தாய் டிரம் அக்காவின் தோளில் மாறி மாறி அடித்தாள். டிரம் அக்கா அடியை வாங்கிக்கொண்டு நின்றார். தன் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடி ஓய்ந்ததும் தண்ணீர் கேட்டு வாங்கி, அந்த அம்மாவுக்கே குடிக்கக் கொடுத்துவிட்டு வந்தார்.

நான்காவது வீடு கிடைக்கவில்லை. பதினேழாம் நம்பர் கட்டில் பெண்ணின் கணவர் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார். கையில் ஒரு பெண் குழந்தையோடு போனார் என்பது மட்டும்தான் அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்திருந்தது. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ஏழு வருடம் ஓடிற்று. எட்டாம் வருடத் தொடக்கத்தில் ஒருநாள் ரேடியோ மூச்சிரைக்கப் பின்னறைக்குள் ஓடி வந்தார்.

“அக்கா, கிடைச்சுட்டாரு! ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம், டைலர் கடை. ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனேன். அளவெடுக்கும்போது மூஞ்சியைப் பார்த்தேன், பதினேழேதான்.”

“ரவிக்கைக்கு அளவு கொடுத்தியா இல்லையா?”

“அவசரத்துல ஓடி வந்துட்டேன்க்கா.”

அடுத்த விடுமுறையன்று டிரம் அக்கா அங்கே போனார். முன்னறைதான் கடை. ஒரு தையல் மெஷின், வெட்டும் பலகை, கொடியில் தொங்கும் பாதிச் சட்டைகள். பின்னால் ஒரே அறை வீடு. டைலரின் விதவை அக்காதான் குழந்தையை வளர்க்கிறார். வந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து என்றதும் டைலர் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசற்படிவரை வந்தாள். “நீ ஏன் முன்னாடி வர்றே? உள்ளே போ” என்று டைலரின் அக்கா சொம்பைத் தான் வாங்கிக்கொண்டார். சிறுமி அதற்குப் பழகியவளாகப் பின்வாங்கினாள். முகத்தில் வருத்தம்கூட இல்லை. அந்தப் பழக்கம்தான் டிரம் அக்காவைச் சுட்டது.

“பிள்ளையை எதுக்கும்மா விரட்டறீங்க?”

“விரட்டலை. நாலு பேர் வந்து போற இடம். பொறந்த வாரமே பெத்தவளை அனுப்பிட்டு வந்தவ. நாங்க தாங்கிக்கறோம், அடுத்தவங்களுக்கு எதுக்கு?” டைலரின் அக்கா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கொள் என்பதுபோலச் சொன்னார். ஏழு வருடம் அந்தப் பிள்ளைக்குச் சோறூட்டி, தலைவாரி, காய்ச்சலுக்குக் கண்விழித்தவரும் அவர்தான். இந்த மாதிரி நல்லவர்களின் வாயில் குடியேறும்போதுதான் மூடநம்பிக்கைக்கு ஆயுள் கெட்டியாகிறது.

“எந்தக் கல்யாண வீட்டுக்கும் கூட்டிட்டுப் போறதில்ல” என்றார் டைலர், தரையைப் பார்த்தபடி. “பிரசவம் நடந்த வீட்டுப்பக்கம் போகவே விடறதில்ல. அவளே இப்ப வரமாட்டேன்னு சொல்லிடறா.”

டிரம் அக்கா நடந்ததைச் சொன்னார். டிரம், துளை, பட்டை, ஈய முத்திரை, உருகாத கந்தகம். ஒன்றும் விடவில்லை. தான் வேலையில் இல்லாத அந்த ஆறு வாரத்தையும் சொன்னார். டைலர் கேட்டுக்கொண்டே இருந்தார். கைக்கு அகப்பட்ட துணித்துண்டை மடித்து, மறுபடி மடித்து, மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக்கினார்.

“உடம்புல தெம்பில்லைன்னு சொன்னாங்களே?”

“பொய்ங்க.”

“அவ தெம்பாதான் இருந்தா. ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தா” என்றார். “நான் சொன்னேன், அவ தெம்பாத்தான் இருந்தான்னு. யாருமே கேக்கலை.”

டைலரின் அக்கா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். “அப்ப... இந்தப் பிள்ளை?”

“பிள்ளை என்னம்மா பண்ணும்? அதுக்கு அன்னைக்கு மூணு கிலோ எடை. டிரம்மை அது மூடலை. உத்தரவை அது போடலை.”

டைலர் எழுந்துபோய்ச் சிறுமியைக் கைபிடித்து முன்னறைக்குக் கூட்டி வந்தார். வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார வைத்தார். “இவகிட்டயே சொல்லுங்க” என்றார்.

ஏழு வயதுக்கு எப்படிச் சொல்வது? டிரம் அக்கா தரையில் உட்கார்ந்துகொண்டார். கண்ணுக்குத் தெரியாத கிருமி என்று ஒன்று இருக்கிறது, சூடான ஆவி பட்டால் அது செத்துப்போகும் என்றார். ஆவி போகிற வழியைப் பெரியவர்கள் அடைத்துவிட்டார்கள் என்றார். கிருமி துணியிலேயே இருந்துவிட்டது, அந்தத் துணியை அம்மாவுக்கு வைத்தார்கள் என்றார். சிறுமி கண்கொட்டாமல் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நான் எப்ப வந்தேன்?”

“நீ அதுக்கு முன்னாடியே வெளிய வந்துட்டே. நல்லா அழுதுட்டு இருந்தே. பால் கேட்டு.”

“அம்மா என்னைப் பார்த்தாங்களா?”

டிரம் அக்காவுக்கு அது தெரியாது. தெரியாததைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. “நான் அன்னைக்கு அங்க இல்ல கண்ணு. ஆனா அந்த வார்டுல ஒரு ஆயா இருக்காங்க. அவங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். கேட்டு வந்து சொல்றேன்” என்றார்.

டைலர் டிரம் அக்காவிடம் திரும்பினார். “இதை எழுதிக் கொடுப்பீங்களா?”

கேட்டதன் கனம் அவருக்கே புரிந்திருந்தது, உடனே, “வேண்டாம்னா வேண்டாம்” என்றார்.

வாயால் சொன்னதை இல்லையென்று மறுத்துவிடலாம். எழுதிக் கொடுத்தால் அது நாளைக்கு ஒரு மனுவோடு சேர்ந்து பெரிய டாக்டரின் மேசைக்குப் போகும். ஓய்வுபெற இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. டிரம் அக்கா நினைத்தபடியே நடந்தது. அந்தத் தாள் மேசைக்குப் போனது. அவர் மறுபடியும் ஐந்து மாதம் வீட்டில் உட்கார வேண்டியிருந்தது. பழைய கோப்பு கிடைக்கவில்லை என்று டைலருக்குப் பதில் வந்தது. எழுதிக் கொடுத்ததற்காக டிரம் அக்கா ஒருநாளும் வருந்தவில்லை என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சு. வருந்தினார், திட்டினார், கணவரிடம் எரிந்து விழுந்தார். ஆனால் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூடத் திரும்பப் பெறச் சம்மதிக்கவில்லை.

அன்று அந்தக் கடையில் சிறுமியின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார்கள். வெட்டும் பலகைமேல் வைத்து டிரம் அக்கா எழுதினார். சின்ன வயதில் பாதியில் நின்ற படிப்பு. எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. தேதி எழுதினார். பதினேழாம் நம்பர் கட்டில் என்று எழுதினார். துளைகள் மூடியிருந்ததால் துணி அவியவில்லை, அதனால் தையலில் சீழ் பிடித்து இறந்தார், குழந்தைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எழுதினார். கீழே தன் முழுப்பெயரையும் வேலையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டைலரின் அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாளை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிறுமியிடம் நீட்டினார். “என்ன எழுதியிருக்கு, படி.”

சிறுமி வகுப்பில் நிற்பதுபோல எழுந்து நின்று, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். ‘சம்பந்தமும்’ என்ற சொல்லில் தடுக்கி, எழுத்துக்கூட்டி, கடந்து, முடித்தாள்.

டைலரின் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிறுமியைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார்.

“கடைசி வரியை இன்னொரு தடவை படி” என்றார்.